16-ஆவது ஞாயிறு

குழு: அம்மாயி வீடு
ஞாயிறு இரவு

நான்: கிராஷ் லேண்டிங் ஆன் யூ கொரியத் தொடர் 16 பகுதியும் முடிந்தது. சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்ல, வாரம் ஒன்றாகப் பார்த்தோம். அம்மாயி டிவியை அணைக்க விடவில்லை. பெயர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாங்க.

பெரியம்மா அஸ்தம்பட்டி: அழுதாங்களா?

நான்: இல்லை. "அவ இறங்கினதும் முன்னால வந்து நின்னான் பாரு" என்று 3 தடவை சொல்லிவிட்டாங்க. முதல் பகுதியில் சூறைக்காற்று தென்கொரியக் கதாநாயகியைப் பாராகிளைடரோடு வடகொரியாவில் கொண்டுபோய்ப் போட்டது. இப்போது சுவிட்சர்லாந்தில் அவளாகவே பறந்து இறங்குகிறாள்.

அக்கா அழகாபுரம்: எனக்கு அந்தச் சந்தைதான். இருட்டு, கூட்டம், வழி தெரியாமல் நிற்கிறாள். தலைக்கு மேலே மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தபடி கதாநாயகன், அந்த வடகொரிய ராணுவக் கேப்டன், தேடி வருகிறான். முன்னே வாசனை மெழுகுவர்த்தி கேட்டவளுக்குச் சாதா வாங்கி வந்தவன், இந்தத் தடவை சரியாக வாங்கியிருப்பான். அங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சித்தி ஏற்காடு: இங்கே மழை, சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. ஆனாலும் பார்த்துவிட்டேன். மனசே ஆறவில்லை. வருஷத்துக்கு 2 வாரம்தான் சேர்ந்திருப்பார்களாம். அவ்வளவு பட்டவர்களுக்கு அது போதுமா?

நான்: அம்மாயி சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "பத்தாதுதான் கண்ணு. உங்கப்பா சங்ககிரியில லோடு ஏத்தினா வடக்கே போய்த் திரும்ப 20 நாள் ஆகும். வந்தா 2 நாள் இருப்பாரு. நடுவுல ஒரு சேதியும் இருக்காது. இந்தப் பையன் ஒரு வருஷத்துக்குச் சேதி போய்ச் சேர்ற மாதிரி போன்ல முன்னாடியே எழுதி வெச்சுட்டுப் போனான். நான் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

சித்தி ஏற்காடு: அம்மா...

மாமா சங்ககிரி: அப்பா ஒரு தடவை நாக்பூரிலிருந்து கார்டு போட்டார். அவர் வீடு வந்து 4 நாள் கழித்துத்தான் கார்டு வந்தது.

நான்: அம்மாயி சிரிக்கிறாங்க. பீரோவில் இன்னும் இருக்கிறதாம்.

பெரியம்மா அஸ்தம்பட்டி: நடித்த இரண்டு பேரும், ஹியூன் பின், சோன் யே ஜின், 2022 மார்ச் 31 அன்று நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். அம்மாவிடம் சொல்.

நான்: சொன்னேன். "செரி, செரி" என்கிறாங்க. கதாநாயகி பெயரும் செரி. 4 மாதமாக எது எதுவென்று எனக்குப் பிடிபடவே இல்லை.

சித்தி ஏற்காடு: அம்மா கொடுத்த தக்காளி நாற்று வேர் பிடித்துவிட்டது. செரி கேப்டனிடம் சொன்ன மாதிரி தினமும் 10 நல்ல வார்த்தை சொல்லித்தான் தண்ணீர் விடுகிறேன். இன்றைக்கு எட்டுதான் வந்தது. நீங்கள் இரண்டு சொல்லுங்கள்.

அக்கா அழகாபுரம்: மழை.

மாமா சங்ககிரி: கார்டு.

நான்: அம்மாயி பீரோ சாவியைத் தேடுகிறாங்க. போட்டோ எடுத்துப் போடுகிறேன், யாரும் தூங்கிவிடாதீர்கள்.