மெனு போனில் எறும்பு மாதிரித் தெரியுது, உபமெனு தொடமுதல் மறையுது: சிஎஸ்எஸ்ஸில் எங்க பிழை?

குளக்கட்டு (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒண்டுக்குச் சின்ன இணையத்தளம் ஒண்டு போகுது. எச்டிஎம்எல்லும் (பக்கத்தின்ர அமைப்பு) சிஎஸ்எஸ்ஸும் (அதின்ர தோற்றம்) கையால எழுதினதுதான், வேர்ட்பிரஸ் இல்லை. மெனுவில 7 தலைப்பு: முகப்பு, எங்களைப் பற்றி, பயிர்ச்செய்கை, நீர் விநியோகம், விதைநெல், கூட்டக் குறிப்புகள், தொடர்பு. பயிர்ச்செய்கைக்குக் கீழ காலபோகம், சிறுபோகம், மேட்டுநிலப் பயிர் எண்டு மூண்டு உபதலைப்பு.

இப்ப இருக்கிற சிஎஸ்எஸ்: யுஎல்லுக்கு (முழு மெனுப் பட்டியல்) ஹைட் 40 பிக்ஸல், பின்னணி #339933. எல்ஐக்கு (ஒவ்வொரு தலைப்பின்ர பெட்டி) ஃப்ளோட்: லெஃப்ட், விட்த் 110 பிக்ஸல், பாடிங் (பெட்டிக்குள்ள விடுற வெளி) 10 பிக்ஸல். உபமெனுவுக்கு பொசிஷன்: அப்சொலூட், டொப் 50 பிக்ஸல், டிஸ்பிளே: நன், ஹோவர் (மவுஸ் மேல நிக்கிறது) வந்தா டிஸ்பிளே: புளொக்.

பிரச்சினைகள்:
- 'கூட்டக் குறிப்புகள்' இரண்டு வரியாகிப் பச்சைப் பட்டைக்கு வெளிய தொங்குது.
- எழுத்தில தொட்டாத்தான் இணைப்புத் திறக்குது. பெட்டியின்ர ஓரத்தில தொட்டா ஒண்டும் நடக்காது.
- மவுஸைக் கீழ கொண்டுபோக முதல் உபமெனு மறைஞ்சிடுது.
- இப்ப நிக்கிற பக்கத்துக்கு 'அக்டிவ்' எண்டு கிளாஸ் போட்டு மஞ்சள் குடுத்தன். மஞ்சள் வரவேயில்லை.
- போனில ஒரே வரியிலதான் வருது, ஆனா எறும்பு மாதிரி எழுத்து.

எதில தொடங்கித் திருத்திறது?

---

பாலைநிழல் (வவுனியா)

கடைசிப் பிரச்சினையில இருந்து தொடங்குங்கோ, அதுதான் ஆகச் சுகமானது. உங்கட பக்கத்தின்ர ஹெட் பகுதியில வியூபோர்ட் மெட்டா டேக் (திரை அகலத்தைச் சொல்லுற வரி) இல்லை எண்டு நினைக்கிறன். அது இல்லாட்டி போன் தன்னை 980 பிக்ஸல் அகலத் திரையா நினைச்சுப் பக்கத்தை அடுக்கி, பிறகு முழுதையும் சுருக்கிக் காட்டும். உங்கட கணக்கைப் பாருங்கோ: ஒரு எல்ஐ 110 இல்லை. பாடிங் இரண்டு பக்கமும் சேர்ந்து 130. ஏழுக்கு 910. யுஎல்லுக்கு பிரௌசர் தானாகக் குடுக்கிற இடப்பக்கப் பாடிங் 40, பொடி டேக்கின்ர (முழுப் பக்கம்) மார்ஜின் (வெளி ஓரம்) 8 படி இரண்டு பக்கமும் 16. மொத்தம் 966. 980க்குள்ள மட்டுமட்டா நிக்குது, அதாலதான் ஒரே வரி. 360 பிக்ஸல் போனில 16 பிக்ஸல் எழுத்து ஏறக்குறைய 6 பிக்ஸல் அளவுக்குச் சுருங்கிப்போகும். மெட்டா டேக்கில விட்த்=டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல்=1 எண்டு போட்டா எழுத்துச் சரியாகும். மெனு உடையும். அது உடையிறதுதான் நல்லது, அப்பத்தான் உண்மையான நிலைமை தெரியும்.

அடுத்தது ஃப்ளோட். ஃப்ளோட் ஆன பிள்ளையின்ர உயரத்தைத் தாய்ப்பெட்டி கணக்கெடுக்காது. யுஎல் சுருங்கிப் பச்சை காணாமல் போயிருக்கும், அதைப் பிடிக்கத்தான் நீங்கள் ஹைட் 40 குடுத்திருப்பியள். இப்ப தலைப்பு இரண்டு வரியாக, 40ஐத் தாண்டி வெளிய தொங்குது. இரண்டையும் தூக்குங்கோ, 110ஐயும் தூக்குங்கோ. தமிழ்ச் சொல்லுக்கு நிலையான அகலம் குடுக்கவே கூடாது. 'முகப்பு'வும் 'கூட்டக் குறிப்புகள்'உம் ஒரே பெட்டிக்க அடங்காது.

.மெனு {
  டிஸ்பிளே: ஃப்ளெக்ஸ்;
  ஃப்ளெக்ஸ்-ராப்: ராப்;
  லிஸ்ட்-ஸ்டைல்: நன்;
  மார்ஜின்: 0;
  பாடிங்: 0;
}
.மெனு ஏ {
  டிஸ்பிளே: புளொக்;
  பாடிங்: 12பிக்ஸல் 16பிக்ஸல்;
  லைன்-ஹைட்: 1.6;
  வைட்-ஸ்பேஸ்: நோராப்;
}

(எழுத்தைத் தமிழில போட்டிருக்கிறன், ஃபைலில வழக்கம்போல எழுதுங்கோ.)

பாடிங்கை எல்ஐயில இருந்து ஏ டேக்குக்கு மாத்தினதைக் கவனியுங்கோ. இணைப்பு எண்டது ஏ டேக் மட்டும்தான். எல்ஐயில குடுத்த பாடிங் வெறும் சுற்றுவெளி, தொட்டால் வேலை செய்யாது. டிஸ்பிளே: புளொக் இல்லாமல் ஏ டேக்குக்குப் பாடிங் குடுத்தாலும் பிழையாகும். அது இன்லைன் (வரிக்குள்ள ஓடுற எழுத்து மாதிரி) ஆக இருக்கேக்க மேல்-கீழ்ப் பாடிங் வரியின்ர உயரத்தைக் கூட்டாது, பக்கத்து வரிக்கு மேல போய்ப் படியும். மேல உள்ள அளவில உயரம் 16 × 1.6 = 25.6, அதோட 24. ஏறக்குறைய 50 பிக்ஸல். வெப் அணுகல் வழிகாட்டி, டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ மட்டத்தில 24 × 24 கேக்குது, ஏஏஏ மட்டத்தில 44 × 44. நீங்கள் தாராளமா இரண்டையும் தாண்டுவியள்.

மஞ்சள் வராததுக்குக் காரணம் செலக்டரின்ர (விதி எதுக்கு எண்டு சொல்லுற முன்பகுதி) பலம். '.மெனு ஏ' எண்டதில ஒரு கிளாஸும் ஒரு டேக்கும் இருக்கு. '.அக்டிவ்' எண்டதில ஒரு கிளாஸ் மட்டும். இரண்டும் நிறம் சொன்னால் முதலாவதுதான் வெல்லும், கடைசியில எழுதினாலும் சரி. எஃப்12 அமத்தி, பிரௌசரின்ர டெவலப்பர் கருவியில அந்த இணைப்பைப் பார்த்தா உங்கட மஞ்சளுக்கு மேல கோடு கீறிக் கிடக்கும். !இம்போர்ட்டன்ட் போட்டுத் தப்பப் பார்க்காதேங்கோ, அடுத்த மாற்றத்தில அதுவே உங்களை இறுக்கும். '.மெனு ஏ.அக்டிவ்' எண்டு எழுதினாப் போதும். அதைவிட நல்லது, கிளாஸை விட்டிட்டு ஏரியா-கரண்ட்="பேஜ்" எண்ட பண்பை இணைப்பில போட்டு, '.மெனு ஏ[ஏரியா-கரண்ட்]' எண்டு பிடிக்கிறது. திரைவாசிப்பானும் 'இதுதான் இப்போதைய பக்கம்' எண்டு சொல்லும், நிறமும் வரும்.

நிறத்தைப் பற்றியும் ஒண்டு. #339933 மேல வெள்ளை எழுத்துக்கு வெளிச்ச வேறுபாடு (கொன்ட்ராஸ்ட்) 3.7:1 கூட வராது. சாதாரண எழுத்துக்கு வேண்டியது 4.5:1. வயல் வரம்பில நிண்டு உச்சி வெயிலில போன் பார்க்கிற சனத்துக்கு இது இன்னும் மோசம். #006600 ஆக்குங்கோ, 7:1ஐத் தாண்டும்.

---

ஒட்டுசுட்டான்_கோட்

உபமெனுவை நான் சொல்லுறன்.

உங்கட எல்ஐ ஏறக்குறைய 40 பிக்ஸல் உயரம், உபமெனு தொடங்கிறது 50இல. இடையில 10 பிக்ஸல் ஆருக்கும் சொந்தமில்லாத வெளி. மவுஸ் அதுக்குள்ள வந்த உடன எல்ஐயின்ர ஹோவர் விட்டுப்போகுது, மெனு மறையுது. எல்ஐக்கு பொசிஷன்: ரிலேட்டிவ், உபமெனுவுக்கு டொப்: 100%, லெஃப்ட்: 0. பிக்ஸலில டொப் குடுத்தா எழுத்தளவு மாறுற ஒவ்வொரு முறையும் இந்த வெளி திரும்ப முளைக்கும். அழகுக்கு இடைவெளி வேணுமெண்டா மார்ஜின் வைக்காமல் உபமெனுவின்ர மேல்பக்கத்தில பாடிங் வையுங்கோ, பின்னணி நிறத்தை உள்ள இருக்கிற எல்ஐகளுக்குக் குடுங்கோ. பார்வைக்கு வெளி, மவுஸுக்கு மெனு.

அடுத்ததா 'மேட்டுநிலப் பயிர்' மடியப் போகுது. அப்சொலூட் பெட்டி இயல்பா தாய் எல்ஐயின்ர அகலத்துக்குள்ளதான் அடங்கப் பார்க்கும். உபமெனுவுக்கு விட்த்: மக்ஸ்-கொன்டென்ட், மின்-விட்த்: 100% குடுத்தா நேராகும். வலப்பக்கக் கடைசித் தலைப்புக்கு எப்பவாவது உபமெனு வந்தா லெஃப்ட்டுக்குப் பதில் ரைட்: 0, இல்லாட்டிப் பக்கம் பக்கவாட்டில அசையத் தொடங்கும்.

மெதுவாத் தோன்றவேணும் எண்டா டிஸ்பிளேயை வைச்சு விளையாடாதேங்கோ, டிரான்சிஷன் அதில வழக்கமான முறையில ஓடாது. விசிபிலிட்டி: ஹிடன், ஒபாசிட்டி: 0 எண்டு வைச்சு, ஹோவரில விசிபிள், 1 ஆக்குங்கோ. மூடேக்க மட்டும் 0.2 செக்கன் தாமதம் வைச்சா, மவுஸ் கொஞ்சம் சரிஞ்சு போனாலும் மெனு நிக்கும்.

ஹோவருக்கு எழுதிற ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில :ஃபோகஸ்-விதின் (உள்ள ஒரு இணைப்பு விசையால தெரிவானா) விதியும் வரவேணும், டேப் விசையால வாறவைக்கு அதுதான் கதவு. அவுட்லைன்: நன் (தெரிவைக் காட்டுற கோட்டை மறைக்கிறது) எண்டு எங்கயாவது கொப்பி பண்ணிக் கிடந்தா அதை அழியுங்கோ.

உபமெனு திறந்தும் தெரியேல்லை எண்டா இசட்-இன்டெக்ஸை (எது மேல நிக்கும் எண்ட எண்) 9999 ஆக்க முதல், மேல உள்ள பெட்டி ஏதாவது ஓவர்ஃப்ளோ: ஹிடன் (வெளிய போறதை வெட்டுறது) ஆக இருக்கா எண்டு பாருங்கோ. வெட்டுப்பட்டதை எந்த இசட்-இன்டெக்ஸும் வெளிய கொண்டராது.

போனில ஹோவர் இல்லை, அதை நம்பி ஒண்டும் செய்யாதேங்கோ. 'பயிர்ச்செய்கை' இணைப்பா இருக்கட்டும், பக்கத்தில கீழ்நோக்கின அம்புக்குறியோட தனியா ஒரு பட்டன் டேக். அதில ஏரியா-எக்ஸ்பாண்டட்="ஃபோல்ஸ்" (இப்ப மூடியிருக்கு எண்டு சொல்லுற பண்பு). ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வேலை ஒண்டே ஒண்டு: கிளிக் வந்தா அந்தப் பண்பை ட்ரூ/ஃபோல்ஸ் எண்டு மாத்திறது. காட்டுறதும் மறைக்கிறதும் சிஎஸ்எஸ்ஸின்ர வேலை: பட்டன்[ஏரியா-எக்ஸ்பாண்டட்="ட்ரூ"] + யுஎல். டிவ் டேக்கைப் பட்டன் மாதிரி அலங்கரிச்சா என்டர் விசைக்கு அசையாது.

---

குளக்கட்டு

இரண்டு அண்ணைமாருக்கும் நன்றி. மஞ்சள் வந்திட்டுது, உபமெனு நிக்குது. வியூபோர்ட் டேக் போட்ட உடன சொன்னமாதிரியே போனில மூண்டு நாலு வரியா, கூடிக் குறைஞ்ச பெட்டிகளா நிக்குது. மூண்டு கோட்டுப் பட்டன் போட்டு மறைக்கிறதுதான் வழியோ? ஃபொண்ட்டையும் மாத்தவேணுமோ?

---

முறிப்பு_அக்கா (முல்லைத்தீவு)

தம்பி, ஏழு தலைப்புக்கு மூண்டு கோடு தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுவன். பாடிங் மட்டும் 7 × 32 = 224 பிக்ஸல். 360 பிக்ஸலில எஞ்சிறது 136. அதுக்குள்ள ஏழு சொல் ஒரு வரியில வராது, அதை விடுங்கோ. ஆனால் இரண்டு நிரலா ஒழுங்கா அடுக்கலாம். போனுக்குரிய அடிப்படை விதியா டிஸ்பிளே: கிரிட், கிரிட்-டெம்பிளேட்-கொலம்ஸ்: ரிப்பீட்(ஓட்டோ-ஃபிட், மின்மக்ஸ்(9ரெம், 1எஃப்ஆர்)). 9 ரெம் எண்டா 144 பிக்ஸல், 360இல இரண்டு நிரல் வசதியா நிக்கும். பெரிய திரைக்கு @மீடியா (மின்-விட்த்: 48ரெம்) எண்டு திறந்து அதுக்குள்ள பாலைநிழல் சொன்ன ஃப்ளெக்ஸ். வைட்-ஸ்பேஸ்: நோராப்பையும் அதுக்குள்ளயே கொண்டுபோங்கோ, போனில நீளத் தலைப்பு மடியட்டும், குத்தமில்லை. உபமெனுவின்ர பொசிஷன்: அப்சொலூட்டும் அங்கதான். போனில அது தலைப்புக்குக் கீழ சாதாரணமா விரிஞ்சாப் போதும்.

நாலு வரிசை × 50 = 200 பிக்ஸல். முகப்பில பிரச்சினையில்லை. உள்பக்கங்களில நீர் திறக்கிற திகதி பார்க்க வாற ஆளுக்கு முதலில 200 பிக்ஸல் மெனு காட்டுறது சரியில்லை. அங்க மட்டும் டீடெயில்ஸ் (தட்டினா விரியிற பெட்டி), சமரி (அதின்ர தலைப்பு) டேக் இரண்டையும் வைச்சு மெனுவை அதுக்குள்ள வையுங்கோ. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரியும் வேண்டாம், விசைப்பலகையிலும் திறக்கும். சமரிக்குள்ள கோட்டுப் படத்தோட 'மெனு' எண்டு எழுத்திலயும் போடுங்கோ. வயசான ஆக்களுக்கு அந்த மூண்டு கோடு ஒண்டையும் சொல்லாது. செக்பொக்ஸை ஒளிச்சு வைச்சுச் செய்யிற பழைய வித்தை வேண்டாம்.

ஃபொண்ட்: அண்ட்ரொய்டு, ஐபோன் இரண்டிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே கிடக்கு. டேட்டா காட்டில பார்க்கிற சனத்துக்கு மெனுவுக்காக இன்னொரு ஃபைல் இறக்கிறது வீண். ஃபொண்ட்-ஃபமிலி: சிஸ்டம்-யுஐ, சான்ஸ்-செரிஃப் போதும்.

தமிழுக்கெண்டு வாற கரைச்சல்கள் வேற சில கிடக்கு. லைன்-ஹைட் 1.2 எண்டு ஆங்கில மாதிரிகளில வரும். அதோட ஓவர்ஃப்ளோ: ஹிடனும் சேர்ந்தா 'கூ'வின்ர வாலும் 'நீ'யின்ர சுழியும் வெட்டுப்படலாம், 1.6ஐ விட்டு இறங்காதேங்கோ. லெட்டர்-ஸ்பேசிங் 0 ஆகவே இருக்கட்டும், ஏற்கெனவே நீளமான சொல்லை அது இன்னும் இழுக்கும். ஹோவரில அடிக்கோடு போடுறதெண்டா 'முகப்பு' மாதிரிச் சொல்லில கோடு உகரத்தின்ர வாலில முட்டும், டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஓஃப்செட்: 0.3எம் குடுங்கோ. ஹோவரில போல்ட் ஆக்கிறது, புதுசா போர்டர் போடுறது இரண்டும் வேண்டாம். சொல் அகலும், பக்கத்துத் தலைப்பெல்லாம் துள்ளும். போர்டர் வேணுமெண்டா ஆரம்பத்திலேயே 3 பிக்ஸல் டிரான்ஸ்பேரன்ட் வைச்சிட்டு ஹோவரில நிறத்தை மட்டும் மாத்துங்கோ.

---

ஒட்டுசுட்டான்_கோட்

அக்கா சொன்னதோட ஒண்டு. பெட்டிகளுக்கு இடையில கேப் குடுக்கிறியள் எண்டா, ஃப்ளெக்ஸில அது சஃபாரி 14.1க்கு முந்தின ஐபோன்களில வேலை செய்யாது. ஆரும் பழைய போனில 'ஒட்டி நிக்குது' எண்டு சொன்னா அதுதான். பாடிங் இருக்கிறதால படிக்கலாம், பெரிசா எடுக்கத் தேவையில்லை.

---

குளக்கட்டு

கிரிட் நல்லா வந்திட்டுது. கடைசியா ஒண்டு: கம்பியூட்டரில மெனு மேலேயே நிக்கட்டும் எண்டு பொசிஷன்: ஸ்டிக்கி போட்டன், பக்கத்தோட சேர்ந்து மேல போகுது. முழுப் பக்கமும் 'ராப்பர்' எண்ட டிவ்வுக்குள்ள, அதில ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் இருக்கு.

---

பாலைநிழல் (வவுனியா)

அந்த ஹிடன்தான் காரணம். எக்ஸ் திசையில ஹிடன் போட்டா வை திசை தானாக ஓட்டோ ஆகிடும். அதோட ராப்பரே ஒரு ஸ்குரோல் பெட்டி ஆகுது, ஸ்டிக்கி திரையை விட்டிட்டு ராப்பரோட ஒட்டிக்கொள்ளும். ராப்பர் ஸ்குரோல் ஆகாது, ஆகவே மெனு நிக்காது. ஹிடனை எடுத்துப் பாருங்கோ. பக்கம் பக்கவாட்டில அசைஞ்சா எந்தப் பெட்டி அகலமா இருக்கெண்டு தேடித் திருத்துங்கோ, அவசரத்துக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: கிளிப் போடலாம். டொப்: 0 எழுதினியளோ எண்டும் பாருங்கோ, அது இல்லாட்டி ஸ்டிக்கி இயங்காது. மெனுவைத் தனியா ஹெடர் ஒண்டுக்குள்ள வைச்சிருந்தா ஸ்டிக்கியை ஹெடருக்குக் குடுங்கோ. உள்ள இருக்கிற மெனு ஹெடரின்ர உயரத்தைத் தாண்டி நிக்காது.

ஸ்டிக்கி வந்த பிறகு, பக்கத்துக்குள்ளயே தாவுற இணைப்புகளின்ர தலைப்பு மெனுவுக்குக் கீழ ஒளிக்கும். எச்டிஎம்எல் டேக்குக்கு ஸ்குரோல்-பாடிங்-டொப்: 64பிக்ஸல் குடுங்கோ. மாத்தினது போனில தெரியாட்டி அது கேஷ் (போன் சேமிச்சு வைச்ச பழைய பிரதி): ஹெட்டில உள்ள ஸ்டைல்ஷீட் முகவரிக்குப் பின்னால ?வி=2 எண்டு சேருங்கோ, அடுத்த மாற்றத்துக்கு 3.