கோடை வகுப்பில் கார்ட்டூன்: யாரைக் காட்டுவது, எதை வரையச் சொல்வது?

பள்ளத்தூர் டீச்சர்:
காரைக்குடியில் நாலு நாள் கோடை வகுப்பு, தினம் இரண்டு மணி நேரம். பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் 20 பேர். கார்ட்டூன் பட வரலாற்றையே திருப்பிவிட்ட பாத்திரங்கள் சிலவற்றைக் காட்டிவிட்டு, அவர்களையே ஒரு துண்டுப் படம் செய்ய வைக்கணும். நிலைக்கதவில் இருக்கிற யாளியை நடக்க விடலாமா? பின்னணிக்கு ஆத்தங்குடி டைல்ஸ் சரிவருமா? இடம் ஒரு பழைய வீட்டு வளவு (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்). புரொஜெக்டர், போன், ஏ4 தாள் இருக்கு.

தேவகோட்டை பென்சில்:
டீச்சர், மூணு பேர் போதும். ஜெர்ட்டி, ஃபீலிக்ஸ், மிக்கி. மூணிலும் வேலைச் சிரமம்தான் உருவத்தைத் தீர்மானித்தது. அதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம்.

வின்சர் மெக்கே வரைந்த ஜெர்ட்டி டைனோசர் படம் வந்தது 1914இல். அதில் டைனோசரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற பாறைக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், நடுங்கிக்கொண்டே இருக்கும். பின்னணியையும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரைந்ததால் வந்த நடுக்கம் அது. 1919இல் வந்த ஃபீலிக்ஸ் பூனைக்கு உடம்பு முழுக்கக் கறுப்பு. உள்கோடு போடுகிற வேலை மிச்சம், திரையில் உருவமும் பளிச்சென்று தெரியும். 1928இல் ‘ஸ்டீம்போட் வில்லி’யில் ஆடும் மிக்கிக்குக் கையுறை கிடையாது. கறுப்பு உடம்பின் மேல் கறுப்புக் கை வந்தால் தெரியாதே! வெள்ளைக் கையுறை 1929இல்தான் வந்தது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் காது இரண்டும் வட்டமாகவே நிற்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

யாளி வேண்டாம். அத்தனை செதுக்கலையும் தாளுக்குத் தாள் ஒரே மாதிரி வரைய யாராலும் முடியாது. இரண்டு வட்டம், ஒரு துதிக்கை, நாலு குழாய்க் கால் என்று சுருக்கினால் நடக்கும்.

கொத்தமங்கலம் கேமரா:
அண்ணன் சொன்ன மாதிரி சுருக்கிய யாளிக்கு இரண்டு கால் மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். நாலு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு 12 படம், ஆளுக்கு மூணு. நொடிக்கு 12 படம் ஓட்டினால் இரண்டு எட்டு வைக்க ஒரு நொடி. 1ஆம் படத்திலும் 7ஆம் படத்திலும் குதிகால் தரையைத் தொடணும். 4, 10இல் ஒரு கால் மற்றதைத் தாண்டணும். தொட்டதும் அடுத்த படத்தில் தலை கொஞ்சம் இறங்கணும், தாண்டியதும் ஏறணும். தலை ஒரே மட்டத்தில் இருந்தால் நடக்காது, வழுக்கிக்கொண்டு போகும். 12ஆம் படத்தை 1ஆம் படத்தின் நகலாகப் போட்டுவிட்டால் சுற்றுக்குச் சுற்று ஒரு திக்கல் வரும்.

தாள் நகராமல் இருக்க ஆபீஸ் பஞ்ச் போதும். ஓட்டைகளுக்கு நடுவே 80 மி.மீ. இருக்கும். ஓட்டையின் அதே தடிமனில் இரண்டு மரக்குச்சியைப் பலகையில் ஃபெவிகால் போட்டு நடுங்கள். எல்லாத் தாளையும் ஒரே பஞ்சில், ஐந்தாறு தாளாகக் குத்தணும். கட்டாகக் குத்தினால் அடித்தாள் விலகிப்போய், படம் ஓடும்போது உருவம் குதிக்கும்.

வளவில் படம் பிடிக்காதீர்கள். முற்றத்தின் மேல் ஒரு மேகம் போனால் படம் பளிச் பளிச்சென்று மின்னும். உள் அறையில் கதவைச் சாத்தி, இருபுறமும் ஒரு எல்இடி பல்பைச் சாய்வாக வையுங்கள். போனில் ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டணும். திரையைத் தொட்டு எடுத்தால் போன் அசையும். ஒயர் இயர்போனின் வால்யூம் பட்டனை அழுத்தினால் பல போன்களில் படம் விழும்.

பள்ளத்தூர் டீச்சர்:
நன்றி தம்பி. டைல்ஸ் பின்னணி? ஒரு பிள்ளையை நடக்கவிட்டு வீடியோ எடுத்து, அதன் மேலேயே வரைந்துவிட்டால் வேலை குறையுமே?

தேவகோட்டை பென்சில்:
அது கார்ட்டூன் தயாரிப்பாளர் மேக்ஸ் ஃப்ளைஷர் 1917இல் காப்புரிமை (பேட்டன்ட்) பெற்ற ரோட்டோஸ்கோப் முறைதான். அவருடைய கார்ட்டூன் பாத்திரமான கோகோ கோமாளி அப்படித்தான் பிறந்தான். ஆனால் இந்த வயசில் வெளிக்கோட்டை மட்டும் ஒற்றி எடுப்பார்கள். பாரமில்லாமல் உருவம் மிதக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வரைவது தனியாக இருக்கட்டும்.

டைல்ஸ் ஒரே ஒரு தாளில், வெளிறிய நிறத்தில். உருவத்தை ஓஎச்பி ஷீட்டில் (ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக் தாள்) மார்க்கரால் வரைந்து மேலே வையுங்கள். உள்ளே வெள்ளை பெயிண்ட் பூசாவிட்டால் டைல்ஸ் பூ யாளியின் வயிற்றில் தெரியும். ஷீட் கூடக் கூடப் பின்னணி மங்கும். ஒரு படத்தில் இரண்டு ஷீட் என்றால் எல்லாப் படத்திலும் இரண்டுதான், இரண்டாவது வெற்று ஷீட்டாக இருந்தாலும் சரி.

வகுப்பு நோட்டீஸில் மிக்கி வேண்டாம். அமெரிக்காவில் அந்த 1928 படத்தின் பதிப்புரிமை (காப்பிரைட்) 2024 ஜனவரியில் முடிந்தது, டிரேட்மார்க் முடியவில்லை. உங்கள் யாளியையே போடுங்கள்.