ஜெனிசிஸ் பேண்ட் கேக்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கறது?

நடுராத்திரி_ரேடியோ:

ப்ராக் ராக்னா (நீளமா, சிக்கலான தாளத்துல கட்டுற ராக்) எனக்கு தெரிஞ்சது பிங்க் ஃப்ளாய்ட் மட்டும்தான், அதுவும் ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் சீனியர் போட்டு போட்டு மனப்பாடம் ஆனது. இப்ப ஜெனிசிஸ் பக்கம் வரலாம்னு பாக்குறேன். ஃபில் காலின்ஸோட இன் தி ஏர் டுநைட் ரொம்ப புடிக்கும், அவர் இந்த பேண்ட்ல இருந்தவர்னு தெரிஞ்சதும் இன்விசிபிள் டச் ஆல்பத்த போட்டேன், நல்லாதான் இருக்கு, ஆனா இதுல ப்ராக் எங்க இருக்குன்னே புரியல. சரி முதல்ல இருந்து வரிசையா வருவோம்னு 1969 ஆல்பத்த போட்டா பின்னாடி வயலின்லாம் வெச்சு சாதுவா பாப் பாட்டு பாடுறாங்க, பாடுறவரும் வேற ஆளு. ரெண்டும் ஒரே பேண்டா? 15 ஸ்டூடியோ ஆல்பம் இருக்காம், ஆபீஸ் போற பஸ்ல ஹெட்ஃபோன்லதான் கேப்பேன். வழி சொல்லுங்க.

மெல்லோட்ரான்_மாமா:

தம்பி, வரிசையா கேக்குற வேலைய இன்னையோட விட்டுடுங்க. அந்த 1969 ஆல்பம் சார்ட்டர்ஹவுஸ் ஸ்கூல் பசங்க ஸ்கூல் வாசனை போறதுக்கு முன்னாடி போட்டது, ஜோனதன் கிங்னு ஒரு ப்ரொட்யூசர், அவர்தான் மேல வயலின் கோஷ்டிய ஏத்தி விட்டது. அட்டை முழுக்க கறுப்பு, பேண்ட் பேரே கிடையாது, தலைப்புல வேற பைபிள் வாசனை, சில கடைல அத பக்திப் பாட்டு ரேக்ல வெச்சிருந்தாங்கன்னு சொல்லுவாங்க. அத கடைசியா, வேற எதுவும் மிச்சம் இல்லாதப்போ கேளுங்க.

நீங்க தேடுற பேண்ட் 1971ல இருந்துதான். அதுக்கு முந்தின வருஷம் ட்ரெஸ்பாஸ் வந்தது, நல்ல ஆல்பம், ஆனா அது முடிஞ்சதுமே கிட்டார் வாசிச்ச ஆண்டனி பிலிப்ஸ் மேடை பயத்துல விலகிட்டார். அப்புறம் ஸ்டீவ் ஹாக்கெட் கிட்டாருக்கும் காலின்ஸ் டிரம்ஸுக்கும் வந்து, பீட்டர் கேப்ரியல் பாட, டோனி பேங்க்ஸ் கீபோர்ட், மைக் ரதர்ஃபோர்ட் பேஸ்னு அஞ்சு பேரா நின்னதுக்கு அப்புறம் வந்த நாலு ஆல்பம்தான் அவங்க பேர நிறுத்தினது. நர்சரி க்ரைம், ஃபாக்ஸ்ட்ராட், செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட், அப்புறம் 1974ல ரெட்டை ஆல்பமா தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே.

இதுல 1973ல வந்த செல்லிங் இங்கிலாந்துல நுழைங்க. அதுலயும் முழு ஆல்பமா வேணாம், முதல்ல ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த் மட்டும். பேங்க்ஸ் தனியா ஒரு நிமிஷம் பியானோ வாசிப்பார், அப்புறம் பாட்டு, மூணு நிமிஷம் தாண்டினதும் கேப்ரியல் புல்லாங்குழல்ல ஒரு மெட்டு வரும், சின்னதா, சும்மா கடந்து போற மாதிரி. அத காதுல போட்டு வெச்சுக்கோங்க. ஆறாவது நிமிஷத்துகிட்ட அதே மெட்ட ஹாக்கெட் கிட்டார்ல எடுப்பார், ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்து நிறுத்தி, பின்னாடி மெல்லோட்ரான் (டேப்ல பதிஞ்ச வயலின், கோரஸ் சத்தம் தர்ற கீபோர்ட்) எழும்பும். இவங்க பாட்டு கட்டுற விதமே இதுதான், முன்னாடி விதைச்சத பின்னாடி பெருசாக்கி காட்டுவாங்க, ஒரு தடவை புடிபட்டா மத்த நீள பாட்டெல்லாம் தன்னால திறக்கும்.

டிரம்ஸ்_தாசன்:

மாமா சொல்றது சரிதான், ஆனா கேள்வி கேட்டவரு காலின்ஸ் குரல் வழியா வர்றவரு, அவர தூக்கி கேப்ரியல்கிட்ட போட்டா ஒரு வாரத்துல ஓடிடுவாரு. கேப்ரியல் குரல் பழகணும், கிழவனா பாடுவாரு, பொம்பளையா பாடுவாரு, பாட்டுக்குள்ள நாலு வேஷம் கட்டுவாரு. மேடைல நெசமாவே நரித்தலைய மாட்டிட்டு மனைவியோட சிவப்பு கவுன போட்டுட்டு வந்து நின்ன ஆளு.

ப்ரோ, நீங்க எ ட்ரிக் ஆஃப் தி டெயில் போடுங்க. 1975ல கேப்ரியல் விலகினதும் பாடகர் தேடி ஆள் மேல ஆளா பாட வெச்சு பாத்து யாருமே சரிவராம கடைசில டிரம்ஸுக்கு பின்னாடி உக்காந்திருந்த காலின்ஸையே பாட விட்டாங்க, அந்த ஆல்பம். டான்ஸ் ஆன் எ வால்கேனோ, ரிப்பிள்ஸ், கடைசில லாஸ் எண்டோஸ். குரல் உங்களுக்கு தெரிஞ்சது, இசை முழுக்க பழைய ஜெனிசிஸ், இத விட சுலபமான பாலம் கிடையாது. லாஸ் எண்டோஸ் முடிஞ்சு தேயுறப்போ ஹெட்ஃபோன்ல சவுண்ட கூட்டி வெச்சு கேளுங்க, கேப்ரியல் காலத்து சப்பர்ஸ் ரெடி பாட்டுல வர்ற ஒரு வரிய காலின்ஸ் மெல்ல பாடுவாரு, போன கேப்ரியலுக்கு ஒரு வணக்கம் அது.

அது புடிச்சா அடுத்தது 1977ல வந்த லைவ் ஆல்பம் செகண்ட்ஸ் அவுட். கேப்ரியல் காலத்து பாட்டுகள காலின்ஸ் பாடுவாரு, சப்பர்ஸ் ரெடி முழுசா இருக்கு. டிரம்ஸுக்கு செஸ்டர் தாம்ப்சன், தி சினிமா ஷோல மட்டும் பில் புரூஃபோர்ட், அந்த பாட்டோட பின்பாதில புரூஃபோர்டும் காலின்ஸும் சேர்ந்து அடிக்கறத கேக்கவே காசு குடுக்கலாம். ஒரே குறை, ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்ல அந்த பியானோ முன்னுரைய வெட்டிட்டாங்க.

மிருதங்க_வீணாப்போனவ:

தாசன் சப்பர்ஸ் ரெடி பேர மட்டும் சொல்லிட்டு தாண்டி போறாரே! ஃபாக்ஸ்ட்ராட் ஆல்பத்துல இருக்கு, 1972, இருவத்து மூணு நிமிஷத்துக்கு கிட்ட, ஏழு பகுதி. நான் மிருதங்கம் கத்துக்கிட்டு பாதில விட்டவ, எனக்கு இந்த பேண்ட் புடிச்சதே ஆறாவது பகுதியாலதான். பதினஞ்சரை நிமிஷம் வாக்குல ஆரம்பிக்கும், தலைப்புலயே தாளத்த எழுதி வெச்சிருப்பாங்க, அபாகலிப்ஸ் இன் 9/8. கைல போட்டு பாருங்க: தகிட தக தகதிமி, தகிட தக தகதிமி, 3, 2, 4. பேஸும் டிரம்ஸும் அத விடாம புடிச்சிட்டே இருக்கும், மேல பேங்க்ஸ் ஆர்கன்ல அந்த 9 ஒண்ணு இருக்கறதையே கண்டுக்காம தன் இஷ்டத்துக்கு வேற கணக்குல ஓடுவார். கீழ கை தாளம் போட மேல காது வேற எங்கயோ போகும், எப்ப ரெண்டும் ஒண்ணா வந்து விழும்னு மூச்ச புடிச்சிட்டு இருப்போம், அது வந்து விழுந்ததும் கேப்ரியல் குரல் ஏறும் பாருங்க, அய்யோ.

பஸ்ல கேப்பேன்னு சொல்றாரு, பக்கத்து சீட்டுக்காரர் தொடைல தாளம் போட்டுடாம இருந்தா சரி. தி சினிமா ஷோ பின்பாதி தாளம் 7, டியூக் ஆல்பத்துல டர்ன் இட் ஆன் அகெய்ன் 13 வரும், சாதா ரேடியோ பாட்டு மாதிரி இருக்கும், எண்ணி பாத்தாதான் தெரியும்.

பழைய_ரெக்கார்டு:

லாம்ப்ல இருந்து ஆரம்பிக்கணும், மத்ததெல்லாம் அப்புறம். நியூயார்க்ல ரேயல்னு ஒரு போர்ட்டோ ரிக்கன் பையன், பாதாளத்துக்குள்ள இழுத்துட்டு போற கதை, நரித்தலை கிடையாது தேவதைக் கதை கிடையாது, கறார். காலின்ஸ் பாட வந்ததுக்கு அப்புறம் நான் கேக்கறது இல்ல.

டிரம்ஸ்_தாசன்:

பழைய ரெக்கார்டு அண்ணே, உங்க கோபம் தெரிஞ்சதுதான், ஆனா புதுசா வர்றவனுக்கு ஒன்றரை மணி நேர ரெட்டை ஆல்பத்த கைல குடுக்கறது நியாயமா? ரெண்டாவது பாதில யாரு எவன்னு இன்னைக்கும் அடிச்சிக்கறோம். அது மூணாவது மாசம் கேக்கவேண்டியது.

அப்புறம் ஒண்ணு, காலின்ஸ் பாட வந்ததும் ப்ராக் செத்துச்சுன்னு சொல்றது சும்மா. 1980ல வந்த டியூக்ல பிஹைண்ட் தி லைன்ஸ், டச்சஸ், கைட் வோக்கல், டர்ன் இட் ஆன் அகெய்ன், டியூக்ஸ் டிராவல்ஸ், டியூக்ஸ் எண்ட் எல்லாம் சேர்த்து முதல்ல ஒரே நீள பாட்டா கோர்த்தது, அப்புறம் பிச்சு ஆல்பம் பூரா போட்டாங்க. தனியா ப்ளேலிஸ்ட் போட்டு அந்த ஆறையும் இதே வரிசைல கேளுங்க. ப்ரோ போட்ட இன்விசிபிள் டச்லயே டாமினோன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பகுதி, பத்து நிமிஷத்துக்கு மேல, அத விட்டுட்டு ஹிட் மட்டும் கேட்டா ப்ராக் எங்கன்னுதான் தோணும். 1983 ஆல்பத்துல ஹோம் பை தி சீயும் அத ஒட்டி வர்ற செகண்ட் ஹோம் பை தி சீயும் அதே ஜாதி.

இன் தி ஏர் டுநைட் டிரம்ஸ் இருக்கே, அந்த சவுண்டே பொறந்தது கேப்ரியலோட 1980 தனி ஆல்பத்துல. அதுல சில பாட்டுக்கு டிரம்ஸ் வாசிச்சது காலின்ஸ், இன்ஜினியர் ஹ்யூ பட்கம். பிரிஞ்சதுக்கு அப்புறமும் ஒருத்தருக்கொருத்தர் வாசிச்சாங்க, நாமதான் இங்க கட்சி கட்டிட்டு இருக்கோம்.

நடுராத்திரி_ரேடியோ:

எல்லாருக்கும் நன்றி. நேத்து போகும்போது ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த், வரும்போது ட்ரிக் ஆஃப் தி டெயில் முழுசா. மாமா சொன்ன புல்லாங்குழல் மெட்டு கிட்டார்ல வந்தப்போ இறங்கவேண்டிய ஸ்டாப்பிங்க விட்டுட்டேன். ரிப்பிள்ஸ் நடுவுல வர்ற கீபோர்டும் அப்படித்தான். ஆனா நர்சரி க்ரைம்ல தி மியூசிக்கல் பாக்ஸ் போட்டு பாத்தேன், வார்த்தை ஒண்ணும் பிடிபடல, கடைசில யாரோ கத்துறாங்க. அது என்ன கதை?

மெல்லோட்ரான்_மாமா:

அது விக்டோரியா காலத்து பேய்க்கதை தம்பி. சின்தியான்னு ஒரு சின்ன பொண்ணு, குரோக்கே விளையாடும்போது மட்டையால ஹென்றிங்கற பையன் தலைய எடுத்துடுது. நர்சரி க்ரைம் அட்டைய பாருங்க, புல்வெளி, கைல மட்டையோட அந்த பொண்ணு, சுத்தி தலைங்க கிடக்கும். அப்புறம் அவனோட இசைப்பெட்டிய திறந்தா அவன் ஆவியா வந்து நிப்பான், ஆனா உடம்பு கண்ணு முன்னாடியே கிழவனா ஆயிட்டே போகும், மனசுல மட்டும் ஒரு ஆயுசுக்கான ஆசை அப்படியே தேங்கி நிக்கும். கடைசில கத்துறது அந்த கிழவன்தான், கேப்ரியல் மேடைல கிழவன் முகமூடி போட்டுட்டுதான் இத பாடுவார். கதை தெரிஞ்சு கேளுங்க, முதல்ல 12 தந்தி கிட்டார் தாலாட்டு மாதிரி ஆரம்பிக்கும், எவ்ளோ தூரம் போய் நிக்குதுன்னு தெரியும்.

மிருதங்க_வீணாப்போனவ:

ஹாக்கெட் அந்த ஆல்பத்துலயே ரெண்டு கையாலயும் கிட்டார் கழுத்துல தட்டி வாசிப்பார், தி ரிட்டர்ன் ஆஃப் தி ஜயண்ட் ஹாக்வீட் ஆரம்பத்துல நல்லா கேக்கும். இந்த தட்டுற வித்தைக்கு பேர் போன வேன் ஹேலன் முதல் ஆல்பம் 1978, இது 1971. அடுத்தது அத போடுங்க, அப்புறம் ஃபாக்ஸ்ட்ராட், சப்பர்ஸ் ரெடிய மட்டும் ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கோங்க, பஸ்ல வேணாம்.

பழைய_ரெக்கார்டு:

அடுத்த வாரம் லாம்ப். சொல்லிட்டேன்.