பழைய வீட்டுச் சமையலறை: சுண்ணாம்பா, சிமெண்டா?

காட்பாடி மேஸ்திரி:
வாலாஜாவில் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்திரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மாடித்தளம்), சமையலறையைப் பின்கட்டுப் பக்கம் எட்டடி நீட்டணும் என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். சுண்ணாம்புப் பூச்சை முழுக்கக் கொத்திட்டு சிமெண்ட் பூசுங்க. ஐம்பது வருஷத்துக்குக் கவலை இல்லை.

வாலாஜா பேரன்:
ஐம்பது வருஷமா? இதே பேச்சை நம்பி நாங்கள் சிங்க் பக்கத்துச் சுவருக்கு சிமெண்ட் பூசினோம். மூன்றாவது மழைக்கு உப்பு பூத்தது. கையை வைத்தால் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது, உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாகத்தான் காய்ந்து போகும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். பூசாதீர்கள்.

காட்பாடி மேஸ்திரி:
மணல் சரியில்லாமல் பூசியிருப்பாங்க. சிமெண்ட் மேல் பழி போடாதீங்க. முப்பது வருஷமா கொத்துக்கரண்டி பிடிக்கிறேன் தம்பி.

குடியாத்தம் மருமகள்:
அண்ணே, சமைக்கிறவள் கேட்கிறேன். எங்கள் சமையலறையில் மேடை இடுப்புக்குக் கீழே இருக்கிறது, குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. சித்திரை வெயிலில் அடுப்பு முன் நிற்கவே முடியவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது, அதைச் சொல்லுங்கள்.

வாலாஜா பேரன்:
மணல் நல்ல மணல்தான் அண்ணே. சிமெண்ட்தான் தப்பு. சுண்ணாம்பை ஊற வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசிய சுவர் அது. இன்னொன்றும் கேளுங்கள்: புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் விட்டு, அதாவது செங்கல்லைக் கோர்த்து, கட்டவே கூடாது. பழைய அஸ்திவாரம் அமர்ந்து முடிந்தது, புதுசு இனிமேல்தான் அமரும். சேருமிடத்தில் விரிசல் விழும். நடுவில் இடைவெளி விட்டுத் தனியாக எழுப்ப வேண்டும்.

காட்பாடி மேஸ்திரி:
கடுக்காய் அரைக்க இன்னிக்கு ஆள் எங்கே? கூலி நீங்க கொடுப்பீங்களா? அதோடு வாலாஜா 2019லேயே ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிடுச்சு. வேலூர்க்காரங்க பேசுற இடத்துல உங்களுக்கு என்ன பேச்சு?

பழைய ஆற்காட்டான்:
மாவட்டத்தை எத்தனை துண்டு போட்டால் என்ன? 1989க்கு முன்னால் திருவண்ணாமலை வரைக்கும் ஒரே வட ஆற்காடு. எங்களுக்கு இன்றைக்கும் அதுதான். சுவருக்கு மாவட்டம் தெரியுமா?

காட்பாடி மேஸ்திரி:
நீங்க பேசாதீங்க சார். போன மாதம் தண்ணித்தொட்டி விஷயத்தில் என்னைப் பொய்யன்னு சொன்னவர் நீங்க. நான் மறக்கலை.

பழைய ஆற்காட்டான்:
தொட்டி ஒழுகியது. சொன்னேன். இன்னமும் சொல்வேன்.

வாலாஜா பேரன்:
தொட்டியை விடுங்கள். என் சுவருக்குப் பதில் வரவில்லை. சிமெண்ட் பூசிய இடம் மட்டும்தான் உதிர்ந்தது. அதே சுவரில் இரண்டடி தள்ளி, தாத்தா பூசிய சுண்ணாம்பு இன்னும் வழவழப்பாக இருக்கிறது. நேரில் வந்து தொட்டுப் பாருங்கள்.

காட்பாடி மேஸ்திரி:
வர்றேன். கரண்டியோடு வர்றேன். மணலைத்தான் முதலில் பார்ப்பேன்.

குடியாத்தம் மருமகள்:
ஜன்னல்?