புதுப்பிப்பு: ஒரே மனைக்கு இரண்டு கிரயப் பத்திரங்கள்

ஒரே மனைக்கு எங்களிடமும் இன்னொரு குடும்பத்திடமும் கிரயப் பத்திரம் இருப்பதை முன்பு எழுதி, தடை உத்தரவு மட்டும் கேட்டால் போதுமா என்று கேட்டிருந்தேன். போதாது. உரிமையே மறுக்கப்படும்போது மனை யாருடையது என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகையைக் கோர வேண்டும் என்றும், மனை எதிர்த்தரப்பின் கைவசம் இருந்தால் சுவாதீனத்தையும், அதாவது மனையை நம்மிடம் ஒப்படைப்பதையும், சேர்த்தே கேட்க வேண்டும் என்றும் வழக்கறிஞர் விளக்கினார்.

மூலப் பத்திரங்களை அருகருகே வைத்துப் படித்தபோது, அவர்களுக்குக் கிழக்கெல்லையான வாய்க்காலே எங்களுக்கு மேற்கெல்லையாக எழுதப்பட்டிருந்தது. அப்படியானால் இவை இரு வேறு மனைகள், சர்வே எண்ணில்தான் பிழை இருக்க வேண்டும். இதை முதலிலேயே பார்க்கத் தவறியது எனக்குப் பெரிய வருத்தம். நிலத்தை அளந்து அறிக்கை தர நீதிமன்றத்தின் சார்பில் ஓர் ஆணையரை நியமிக்கும்படி இப்போது மனுச் செய்திருக்கிறோம். வழக்கு நடக்கும்போது மனை கைமாறினால் வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதால், வழக்கு நிலுவையில் இருப்பதையும் பதிவு செய்கிறோம்.