கலைச்சொல் தேவை: ஸ்காட்லாந்து மதுச் சட்டத்தில் வரும் ‘போனா ஃபைடி டிராவலர்’

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்து பப்களின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘போனா ஃபைடி டிராவலர்’ என்ற சொல்லுக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது.

பின்னணி இதுதான். 1853இல் வந்த ஃபோர்ப்ஸ் மெக்கன்சி சட்டம் ஞாயிற்றுக்கிழமையில் பப்களை மூடவைத்தது. மற்ற நாள்களில் இரவு 11 மணியோடு கடையைச் சாத்த வேண்டும். மளிகைக் கடைக்காரர் மது விற்கலாம், ஆனால் கடையில் வைத்துக் குடிக்க விடக்கூடாது. ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது: தங்கியிருப்பவருக்கும் உண்மையிலேயே பயணத்தில் இருப்பவருக்கும் (இவர்தான் ‘போனா ஃபைடி டிராவலர்’) ஞாயிறன்றும் ஹோட்டல்காரர் மது தரலாம். அப்புறம் என்ன, ஞாயிறானால் ஊரெல்லாம் பயணிகள்! பக்கத்து ஊர் ஹோட்டலுக்குப் போய், எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு கோப்பை கிடைக்கும். கிளைட் ஆற்று நீராவிப் படகுகள் முதலில் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ஆகவே கிளாஸ்கோக்காரர்கள் படகேறிக் குடித்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க 1882இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

‘உண்மைப் பயணி’ என்று போட்டுவைத்திருக்கிறேன். திருப்தி இல்லை. சுரங்க ஊர்களில் இருந்த ‘கோத்’ என்ற வகைப் பப்களுக்கும் ஒரு சொல் தேடுகிறேன்.

*

வணக்கம் ஐயா. ‘உண்மைப் பயணி’ ஏதோ டிராவல்ஸ் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது. லத்தீன் மூலத்துக்குப் பொருந்த ‘நல்லெண்ணப் பயணி’ எனலாமே? இல்லையென்றால் ‘வழிப்போக்கர்’ என்ற நம் பழைய சொல் போதாதா?

இன்னொன்று: 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி, மது விற்க உரிமம் தரலாமா என்று அந்தந்தப் பகுதி வாக்காளர்களையே கேட்ட ‘லோக்கல் வீட்டோ’வை ‘வட்டார மதுவிலக்கு’ என்று எழுதிவிடலாம் என நினைக்கிறேன்.

*

இருவருக்கும் வணக்கம்.

‘நல்லெண்ணப் பயணி’ என்றதும் நல்லெண்ணத் தூதர்தான் நினைவுக்கு வருகிறார். ஹோட்டல் வாசலில் நிற்பவருடைய எண்ணம் நல்லதா என்று சட்டம் கேட்கவில்லை. பயணம் நிஜமா, குடிப்பதற்காகப் போட்ட வேடமா என்பதே கேள்வி. ‘வழிப்போக்கர்’ எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அதில் அந்தச் சோதனை இல்லை. போலியாக வந்தவரும் வழிப்போக்கர்தானே.

‘மெய்ப்பயணி’ என்று வைக்கலாம். சின்னச் சொல், மற்ற சொற்களோடு எளிதில் சேரும்: மெய்ப்பயணிப் பதிவேடு, மெய்ப்பயணி விலக்கு. எதிர்ச்சொல்லாகப் ‘போலிப் பயணி’ தானே அமைகிறது. கட்டுரையில் முதல்முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுங்கள். 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையில் ஹோட்டல்களை எல்லாருக்கும் திறந்துவிட்டதோடு மெய்ப்பயணிக்கு வேலை போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். பப்கள் 1976ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

‘வட்டார மதுவிலக்கு’ வேண்டாம். நமக்கு மதுவிலக்கு என்றால் 1937இல் சேலத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்ததுதான் மனதில் வரும். மேலிருந்து அரசு போட்ட தடை அது. ஸ்காட்லாந்தில் 1920 முதல் அந்தந்தப் பகுதி வாக்காளர்களே முடிவு செய்தார்கள். வாக்குச்சீட்டில் மூன்று வழிகள்: இருப்பதை அப்படியே விடுவது, உரிமங்களைக் குறைப்பது, உரிமமே வேண்டாம் என்பது. கிர்கின்டிலோக் மூன்றாவதைத் தேர்ந்து 1960களின் பிற்பகுதி வரை பப் இல்லாத ஊராகவே இருந்தது. ஆனால் அங்கே வீட்டில் பாட்டில் வைத்துக் குடிப்பது குற்றமில்லை, நிறுத்தியது விற்பனை உரிமத்தைத்தான். எனவே ‘உரிம மறுப்பு வாக்கெடுப்பு’ என்பதே என் பரிந்துரை. கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

சுரங்க ஊர்களின் ‘கோத்’ பப்களுக்குச் சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்வீடனின் கோதன்பர்க் முறையைப் பின்பற்றியதால் வந்த பெயர் அது. பப்பில் பணம் போட்ட பங்குதாரருக்கு ஆண்டுக்கு முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, மிச்ச லாபம் ஊர்ப் பொதுக்காரியத்துக்கு என்று ஒரு வரி எழுதி, ‘கோத்’ என்றே விட்டுவிடுங்கள்.