ஹீட்டர் ராடும் கருகிய பாக்ஸும்: நீங்கள் போட்ட ஓம் விதிக் கணக்கைச் சொல்லுங்கள்

பவானிக்கரை:
அம்மா வெந்நீர் வைப்பது 1500 வாட் ஹீட்டர் ராடில். போன மார்கழியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து கருகல் வாடை வந்தது. ராடு பழசாகிவிட்டது, மாற்றிவிடு என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் மின்தடை: 230 × 230 ÷ 1500, அதாவது சுமார் 35 ஓம். மல்டிமீட்டரில் அளந்தேன், கிட்டத்தட்ட அதுவேதான். ராடில் கோளாறு இல்லை.

அப்புறம் எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, ராடு ஓடும்போதே அளக்கச் சொன்னேன். சுவர் பிளக்கில் 226 வோல்ட். பாக்ஸின் துளையில் 217. வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 6.1 ஆம்பியர். (கிளாம்பை ஒரு வயரில் மட்டும் மாட்ட வேண்டும். போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும்.) நடுவில் 9 வோல்ட் காணாமல் போயிருக்கிறது! ஓம் விதிப்படி வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை: 9 ÷ 6.1 என்றால் ஏறத்தாழ 1.5 ஓம். 5 மீட்டர் வயர், 0.75 சதுர மி.மீ. செம்பு, போக வர 10 மீட்டருக்குக் கால் ஓம்தான் வரும், அதில் விழுவது ஒன்றரை வோல்ட். மீதி 7.5 வோல்ட்டும் தளர்ந்துபோன அந்தத் துளையில்தான் விழுந்திருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்: 7.5 × 6.1, சுமார் 46 வாட்.

ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைப்போல இரண்டு மடங்கு சூடு ஒரு பிளாஸ்டிக் துளைக்குள், தினமும் அரை மணி நேரம். அன்றே பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, ராடுக்கென்று 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்தோம். அம்மா பக்கத்தில் நின்றுதான் ஸ்விட்சைப் போடுவார். அதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

பொருநை:
ராடை ஆறிய நிலையில் அளந்தும் கணக்கு சரியாக வந்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பி. சூடானாலும் அதன் தடை அதிகம் மாறாது. குண்டு பல்பில் இதே வேலையைச் செய்து பிளஸ் டூ படிக்கும்போது திண்டாடியிருக்கிறேன். 60 வாட் பல்பு, மீட்டரில் 65 ஓம். கணக்குப் போட்டால் 800 வாட்டுக்கு மேல்! மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இயற்பியல் ஆசிரியர் பல்பை எரியவிட்டு மின்னோட்டத்தை அளக்கச் சொன்னார்: 0.26 ஆம்பியர். 230 ÷ 0.26, சுமார் 885 ஓம். டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காயும்போது தடை பதின்மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போட்ட நொடியிலேயே பியூஸ் போவது ஏன் என்று அன்றுதான் விளங்கியது. ஆறிய இழையின் தடை குறைவு என்பதால் அந்த ஒரு கணம் மின்னோட்டம் பல மடங்கு பாயும்.

மலைக்கோட்டை:
ராடு, பல்பு வரைக்கும் சரி. பழைய 40 வாட் டியூப்லைட்டில் நான் ஏமாந்தேன். 230 வோல்ட், 0.43 ஆம்பியர், பெருக்கினால் 99. டியூப் 40, சோக்கு ஒரு 10 வாட் தின்னும். மீதி எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். சோக்கு என்பது வெறும் கம்பிச் சுருள். அதில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கியே வரும், இரண்டும் ஒன்றாக உச்சம் தொடாது. அதனால் பெருக்கி வந்ததில் பாதிதான் உண்மையான வாட். வீட்டு இ.பி. மீட்டரும் அந்தப் பாதிக்குத்தான் யூனிட் போடுகிறது.